வார்டில் ஒருத்தருக்குத் தெரிவது அடுத்தவருக்கு ஏன் போய்ச் சேருவதில்லை?

வார்டுக்காரி (ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை)

எங்கள் மருத்துவமனையில் மாதாமாதம் ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் உண்டு. டாக்டர், நர்ஸ், மருந்தகம், லேப், பிசியோ எல்லாரும் வரவேண்டும் என்று சர்க்குலர். வருவோம், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம், சீஃப் பேசுவார், பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஒருத்தர் ஸ்லைடு ஓட்டுவார், டீ வரும், கலைந்துவிடுவோம். நர்ஸ் பக்கத்திலிருந்து யாராவது வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை, திறக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா, சர்க்கரை 400க்கு மேல், எங்கள் வார்டில் சேர்ந்தார். ஏற்கனவே எங்களிடம் இருந்து இன்சுலின் எழுதி வாங்கிக்கொண்டு போனவர்தான். பழைய சீட்டில் காலை 30 யூனிட் என்று இருந்தது. டாக்டர் பார்த்தார், டோஸ் பத்தவில்லை என்று 38 ஆக்கினார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவுதான். அந்த அம்மாவின் பையை ஓரமாக எடுத்து வைத்த நர்சிங் மாணவி ஒருத்தி உள்ளே இருந்த ஊசியைக் கவனித்திருக்கிறாள். ஆரஞ்சு மூடி. நாங்கள் கொடுத்தனுப்பிய பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது, அதற்குச் சிவப்பு மூடி ஊசி போட வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கானது. அதில் 30 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.3 மில்லி, அதாவது 12 யூனிட் மட்டும். பாவம், ஒருவேளை கூட விடாமல் போட்டிருக்கிறார். இப்போது நாங்கள் சரியான ஊசியில் 38 போட்டிருந்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கியிருப்பார்.

மாணவி என்னிடம் வந்து காதோடு சொன்னாள், நான் டாக்டரிடம் சொன்னேன், டோஸ் மாறியது. ஆனால் அடுத்த கூட்டத்தில் இது பேச்சுக்கே வரவில்லை. எந்த பாட்டில் கொடுத்தோம் என்று மருந்தகத்துக்குத் தெரியும், எந்த ஊசி விற்றோம் என்று வெளியே கடைக்காரருக்குத் தெரியும், என்ன டோஸ் என்று டாக்டருக்குத் தெரியும், எப்படிப் போட்டுக்கொள்ளச் சொன்னோம் என்று எங்களுக்குத் தெரியும். நாலு பேரும் ஒரு இடத்தில் பேசிக்கொள்ளவே இல்லை.

உங்கள் ஊரில் எங்காவது இது உருப்படியாக நடக்கிறதா? "டீம் ஸ்பிரிட் வேண்டும்" மாதிரியான பதில் வேண்டாம், நடைமுறையாக என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

---

மருந்துக்கடை அண்ணாச்சி

சிஸ்டர், கடைப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். கவுன்டரில் நிற்கும் பையனிடம் "இன்சுலின் ஊசி நாலு குடு" என்பார்கள். பையன் கைக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பான். நான் இருந்தால் பாட்டிலா பேனாவா என்று கேட்பேன், பாட்டில் என்றால் அட்டையை எடுத்துவரச் சொல்வேன். எல்லா நேரமும் நானே கடையில் இருக்க முடியுமா, அதுவும் ஒரு உண்மை.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்து. கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவார்கள், இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவதுண்டு. வாரம் ஒரு மாத்திரை என்றால் மாதத்துக்கு நாலு, இல்லையென்றால் ஐந்து. ஒருத்தர் வந்து 30 மாத்திரை கேட்டால் அங்கேயே எனக்கு மணி அடித்துவிடும், இவர் தினமும் விழுங்குகிறார் என்று. வாயெல்லாம் புண் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார். ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டருக்கு நான் போன் போட்டால் எடுப்பது கிளினிக் பையன். "டாக்டர் பிசி, அவர் எழுதினதைக் குடுங்க." எழுதினது சரிதான் தம்பி, அவர் சாப்பிடுவதுதான் தப்பு என்று அந்தப் பையனுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஃபார்ம்.டி. படிப்பு நம் நாட்டில் 2008ல் வந்தது. வார்டில் ரவுண்ட்ஸ் போய் மருந்து பார்ப்பதற்கென்றே ஆறு வருடம் படிக்கிறார்கள். அப்படிப் படித்தவர்களில் எத்தனை பேரை அரசு வார்டுகளில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

---

தூங்காத பி.ஜி.

கடைசியில் எல்லாம் டாக்டர் தலையில்தான் விடியும் என்று தெரிந்தே படித்தேன். சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஓ.பி.யில் வரிசை வாசல் தாண்டி நிற்கும். மதியம் வார்டு, ராத்திரி அட்மிஷன் டூட்டி. கேஸ் ஷீட்டில் கையெழுத்து என்னுடையது, ஏதாவது ஆனால் உறவினர் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். இந்த நிலைமையில் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று வார்டிலிருந்து போன் வரும், மூன்றிலும் ஒரே வாசகம்: "டாக்டர், பேஷன்ட் சரியில்லை, வாங்க." எது இப்போதே ஓட வேண்டியது, எது பத்து நிமிடம் தாங்கும்? அந்த வாசகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்தால் ஒன்றில் டிரிப் நின்றிருக்கும், ஒன்றில் பேஷன்ட் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார்.

சிஸ்டர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஐ.வி. போடக் கற்றுக்கொடுத்ததே வார்டு சிஸ்டர்தான், எங்கள் பாட்சில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது இல்லையா.

---

மயக்க மருத்துவர்

பி.ஜி. தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது. எஸ்பார் என்று ஒரு முறை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தகவல் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்தது, பிறகு கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவக் குழுமம் அதை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றியது. இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நீ என்னவென்று நினைக்கிறாய், என்ன செய்யலாம் என்கிறாய். நாலே படி.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சிஸ்டர்கள் போனில் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"டாக்டர், ஆறாம் படுக்கை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சேச்சுரேஷன் கால் மணி நேரத்தில் 96லிருந்து 88க்கு வந்துவிட்டது, மூச்சு 32. நேற்று வயிற்று ஆபரேஷன் ஆனவர், காலையிலிருந்து எழுந்து நடக்கவே இல்லை. ஒரு கால் வீங்கின மாதிரி இருக்கிறது, நுரையீரலில் ரத்தக்கட்டி போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆக்ஸிஜன் போட்டுவிட்டேன். நீங்கள் இப்போதே வர வேண்டும், வரும்வரை இ.சி.ஜி. எடுத்து வைக்கட்டுமா?"

இருபது விநாடிகூட ஆகாது. இதைக் கேட்டுவிட்டு யாராலும் திரும்பிப் படுக்க முடியாது. நம் ஊரில் முதல் இரண்டு படியோடு போனை வைத்துவிடுவார்கள், ஏனென்றால் மூன்றாவதும் நான்காவதும் "டாக்டர் வேலை" என்று நர்சிங் பள்ளியிலேயே சொல்லி வளர்த்திருக்கிறோம். நான் கேட்பதெல்லாம் அந்த மூன்றும் நாலும்தான்.

---

நேர்ப்பேச்சு

நர்ஸ் நோயைக் கணித்து சிகிச்சையும் சொல்ல ஆரம்பித்தால் எம்.பி.பி.எஸ். எதற்கு, நீட் எதற்கு? நாளைக்கு வார்டு பாய் ஸ்கேன் படிப்பாரா?

---

வார்டுக்காரி

நேர்ப்பேச்சு சார், பேஷன்ட் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பது நான். டாக்டர் நிற்பது சில நிமிடம். "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று நான் சொன்னால் அவருக்கு ஒரு தகவல் கூடுகிறது, முடிவு அப்போதும் அவருடையதுதான். வார்டு பாய் ஸ்கேன் படிக்க வேண்டாம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பேஷன்ட் நெஞ்சைப் பிடித்தார் என்று அவர் சொன்னால் காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

லேப் பூச்சி

நானும் சேர்ந்துகொள்கிறேன். லேப் எப்போதும் கட்டடத்தின் கடைசி மூலையில்தான் இருக்கும், எங்களை யாரும் பார்ப்பதில்லை, திட்டுவதற்கு மட்டும் போன் வரும்.

பொட்டாசியம் 7.9 என்று மெஷின் காட்டுகிறது. சாதாரணமாக 3.5லிருந்து 5 வரை இருக்க வேண்டியது. நிஜமாகவே 7.9 என்றால் இதயம் எந்த நேரமும் நிற்கலாம். ஆனால் அதே சாம்பிளில் கால்சியம் தரைக்குப் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்குப் பொறி தட்டிவிடும்: ஊதா மூடி டியூபில் இருந்த ரத்தத்தைக் கொஞ்சம் சிவப்பு மூடி டியூபில் ஊற்றியிருக்கிறார்கள். ஊதா மூடிக்குள் இருப்பது பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ., ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும். ஊதாவில் அதிகம் எடுத்துவிட்டோம், சிவப்பில் பத்தவில்லை, மறுபடி குத்தினால் பேஷன்ட் திட்டுவார் என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஊசியைப் போட்டு வேகமாக இழுத்து சிவப்பணு உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும், ஆனால் அப்போது சீரம் (உறைந்த ரத்தத்தின் மேல் நிற்கும் தெளிநீர்) இளஞ்சிவப்பாக இருக்கும், கண்ணிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் எங்கள் மேசைக்குத் தெரியும், வார்டுக்குத் தெரியாது. வார்டுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது: அந்த பேஷன்டுக்கு கிட்னி போய்விட்டதா, டயாலிசிஸ்காரரா என்று. கிட்னி போனவர் என்றால் 7.9ஐ நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்வேன். ரிக்வெஸ்ட் ஃபார்மில் "நோயின் விவரம்" என்ற கட்டம் இருக்கிறது, அதில் எழுதியிருப்பது "ரொட்டீன்".

---

தூங்காத பி.ஜி.

ஊதா மூடி விஷயம் படித்திருக்கிறேன், ஆனால் கால்சியத்தையும் சேர்த்துப் பார் என்று எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஒரு கேள்வி பூச்சி: சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டிலேயே எழுதலாமே?

---

லேப் பூச்சி

எழுதுகிறோம் டாக்டர். அடியில் சின்ன எழுத்தில் "மறு சாம்பிள் தேவை" என்று இருக்கும். நீங்கள் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, இதயத்தைக் காக்க என்று கால்சியம் குளுகோனேட் ஏற்றிவிடுவீர்கள். போன் போட்டால் எடுப்பவர் யாரென்று தெரியாது, "சரி சரி" என்று வைத்துவிடுவார், அரைமணி கழித்து டாக்டரைக் கேட்டால் "எனக்கு யாரும் சொல்லவில்லையே".

---

மயக்க மருத்துவர்

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008ல் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்குமுன் ஒரு நிறுத்தம், கத்தி வைக்குமுன் ஒரு நிறுத்தம், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் ஒரு நிறுத்தம். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள், டெல்லியும் அதில் ஒன்று. 2009ல் முடிவு வெளியானது: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கின. உலகமே எடுத்துக்கொண்டது.

அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கினார்கள். 2014ல் கணக்குப் பார்த்தால் இறப்பில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே காகிதம்தான். காரணம் என்ன என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன், நம் ஊர் தியேட்டர்களைப் பார்த்து வந்த கருத்து இது. கத்தி வைக்கும் முன் அந்தப் பட்டியலின்படி அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், சீஃப் சர்ஜனுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருமுறை வாய்விட்டுப் பேசிய ஸ்க்ரப் நர்ஸ் அரைமணி கழித்து "சார், ஒரு மாப் (ரத்தம் ஒற்றும் துணி) குறைகிறது" என்று சொல்லத் தயங்கமாட்டார். நம்மிடம் நடப்பது என்ன? ஆபரேஷன் முடிந்து, தையல் போட்டு, நோயாளியை வெளியே தள்ளிவிட்ட பிறகு, ஜூனியர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பார். ஃபைல் பளிச்சென்று இருக்கும்.

ஆகவே பூச்சி, உங்கள் போனுக்கும் இதே வைத்தியம்தான். சொன்னதை எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆறாம் படுக்கை, பொட்டாசியம் 7.9, மறு சாம்பிள் அனுப்பணும், நான் ஸ்டாஃப் நர்ஸ் இன்னார்." திருப்பிச் சொல்லாவிட்டால் போனை வைக்காதீர்கள்.

---

ஊர்சுற்றும் நர்ஸம்மா (கிராம சுகாதாரச் செவிலியர்)

நீங்கள் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருந்துகொண்டு பேசிக்கொள்ளவில்லை என்கிறீர்கள். என் துணை சுகாதார நிலையத்திலிருந்து மெடிக்கல் காலேஜ் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள் முதலில்!

ஒரு கர்ப்பிணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், முந்தைய பிரசவம் எல்லாம் எழுதி அனுப்புகிறோம். அங்கிருந்து திரும்பி வருவது குழந்தையும் தாயும் மட்டும். என்ன ஆச்சு, என்ன கொடுத்தார்கள், வீட்டில் நான் எதைப் பார்க்க வேண்டும், ஒரு வரி கிடையாது. மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஆனால் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். காசநோயில் 2022 ஏப்ரலில் ஒரு முறை வந்தது, காசநோய் இறப்பில்லாத் திட்டம். இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். முன்பெல்லாம் ஒருவருக்கு டி.பி. என்று உறுதியானால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம், அதில் ரொம்ப நலிந்தவர்கள் ஆரம்ப வாரங்களிலேயே இறந்துபோவார்கள். இந்த முறையில், மாத்திரை ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கும் பணியாளரே மூன்று விஷயம் பார்க்கிறார். எடை, உயரம் பார்த்து உடல்நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, அல்லது 16க்குள் இருந்து காலில் வீக்கம் இருக்கிறதா. மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, அல்லது ஆக்ஸிஜன் 94க்குக் கீழா. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் அட்மிஷனுக்கு அனுப்ப வேண்டியவர். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். தராசும், உயரம் பார்க்க டேப்பும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் போதும்.

இதில் என்ன விசேஷம் என்றால், அந்த நம்பரை எடுத்துச் சொல்வது டாக்டர் இல்லாத ஒரு ஆள், ஆனால் அந்த நம்பருக்கு மதிப்பு இருக்கிறது. "இந்த ஆள் ரொம்ப மோசமாக இருக்கிறார் சார்" என்று வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். "குறியீடு 13.2, நிற்க முடியவில்லை" என்றால் பெட் கிடைக்கிறது. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துக்காரர்கள் மாநில அரசோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு பக்கம், பிரசவ மரண ஆய்வு. ஒரு தாய் இறந்தால் ஊரில் விசாரித்து எழுதுவோம், ஆஸ்பத்திரி தனியாக எழுதும், கலெக்டர் தலைமையில் கூட்டம் நடக்கும், இறந்தவரின் உறவினரையும் கூப்பிடுவார்கள். எந்த இடத்தில் தாமதம் என்று கண்டுபிடிக்கத்தான், தண்டிக்க அல்ல என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அறையிலேயே சம்பளம் குறைந்தவரிடம்தான் முதல் கேள்வி போகும். "நீ ஏன் முன்னாடியே அனுப்பவில்லை?" அந்தப் பயத்தில் எவளாவது உள்ளதை உள்ளபடி சொல்வாளா?

---

கேள்விநாயகம்

நான் மருத்துவத் துறை இல்லை, அப்பாவைப் பக்கவாதத்துக்குக் காட்ட அலைந்தவன். நீங்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் அந்த வேலையைச் செய்வது நாங்கள். நரம்பு டாக்டர் சொன்னதை பிசியோவிடம் நான் சொல்ல வேண்டும், பிசியோ சொன்னதை சர்க்கரை டாக்டரிடம் நான் சொல்ல வேண்டும். எனக்குப் பாதி புரியாது, புரிந்ததில் பாதி மறந்துவிடும். விழுங்கச் சிரமம் இருக்கிறது, கஞ்சியைக் கெட்டியாகக் கொடுங்கள் என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்ல, வீட்டில் சண்டை. டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு பத்தியாவது தமிழில் கொடுத்தால் என்ன?

---

மருந்துக்கடை அண்ணாச்சி

நாயகம் தம்பி சொன்னதுதான் தினமும் என் கவுன்டரில் நடக்கிறது. மூன்று டாக்டர் சீட்டைக் காட்டுவார்கள், மூன்றிலும் வேறு வேறு பெயரில் வயிற்று அமிலத்துக்கான ஒரே மாத்திரை இருக்கும்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, தியேட்டரில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர் தன் வேலையை மட்டும் பார்க்கிறார்.

---

தூங்காத பி.ஜி.

அண்ணாச்சி, அங்கே ஒரே நோக்கம், ஒரே நிர்வாகம், பெரும்பாலும் திட்டமிட்ட ஆபரேஷன்கள். எங்கள் வார்டில் பாம்புக்கடியும் பக்கவாதமும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் "இந்த அளவை எடுப்பது இவர் பொறுப்பு, அவர் சொன்னால் அது செல்லும்" என்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நர்ஸம்மா சொன்ன டி.பி. முறையும் அதுதானே. அப்படி முறை இல்லாத இடத்தில் தைரியசாலி நர்ஸ் டூட்டியில் இருந்தால் பேஷன்ட் பிழைப்பார், பயந்தவர் இருந்தால் போய்விடுவார் என்று ஆகிவிடும்.

---

வார்டுக்காரி

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வார்டு போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பூச்சி, லேப் போனுக்கு என்னென்ன கட்டம் வேண்டும்?

---

லேப் பூச்சி

நேரம், படுக்கை எண், எந்த டெஸ்ட், என்ன நம்பர், லேப்பில் சொன்னவர், வார்டில் கேட்டவர், திருப்பிச் சொன்னாரா, எந்த டாக்டருக்கு எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது. கடைசிக் கட்டத்தைக் கட்டாயம் போடுங்கள் சிஸ்டர், அதுதான் எப்போதும் காலியாக இருக்கும்.

---

வார்டுக்காரி

சரி. டிஸ்சார்ஜ் ஆகும் இன்சுலின் ஆட்களுக்கு இன்னொரு பக்கம் ஒதுக்குகிறேன்: பாட்டிலா பேனாவா, மூடி என்ன நிறம், நம் கண் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டினாரா. அண்ணாச்சி, நிறத்தைச் சீட்டிலேயே தமிழில் எழுதி அனுப்பினால் உங்கள் கடைப் பையன் பார்ப்பானா?

---

மருந்துக்கடை அண்ணாச்சி

பெரிசாக எழுதுங்கள், பார்ப்பான். முடிந்தால் சிவப்புப் பேனாவில்.